ஊர்த்தெரு வழியாக ஒரு ஸ்கூட்டர்

போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாக, நான் ஓய்வு பெற்ற ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் பெண் எஸ்.ஐ. தன் போனை என் முன்னால் நீட்டினார்.

"இனிமே சம்பவ எடத்த வீடியோ எடுத்து இதுல ஏத்திட்டா முடிஞ்சுது மேடம். எடம், நேரம் எல்லாம் அதுவே போட்டுக்குது. உங்கள மாதிரி ஸ்கெட்ச் போட்டுகினு ஒக்கார வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருட சர்வீசில் பாதியை ஸ்கேலும் பென்சிலுமாகக் கழித்தவள் நான். கொலை, திருட்டு, விபத்து எதுவானாலும் சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம் போட வேண்டுமென்றால் "வசந்தாவக் கூப்புடு" என்பார்கள்.

"வீடியோவுல கேமரா பார்த்ததுதானம்மா வரும்" என்றேன்.

"ஸ்கெட்ச்சுல அப்படி இன்னா மேடம் வந்துது?"

கேட்டுவிட்டார். அவருக்கு இரண்டு டீ குடிக்கிற நேரம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள்.

நான் ஆரணிக்காரி. அப்பா பட்டுப் புடவை பார்டருக்கு டிசைன் போடுபவர். கட்டம் போட்ட தாளில் மாங்காயும் மயிலும் வரைவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டங்களுக்கு வண்ணம் நிரப்புவது என் வேலை. ஒரு கட்டம் தவறினால் தறியில் மயிலுக்கு மூக்கு கோணிவிடும். அதனால் கை தானாகவே நிதானத்துக்கு வந்துவிட்டது. போலீஸ் வேலைக்கு அது உதவுமென்று யாரும் நினைக்கவில்லை. என் உயரத்தைத்தான் எல்லோரும் தகுதியாகப் பார்த்தார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், விழுந்தோம், எழுந்து மறுபடி ஓடினோம்.

முதன்முதலில் நான் ஸ்கெட்ச் போட்டது தேவிகாபுரம் போகும் சாலையில் நடந்த ஒரு விபத்துக்கு. டெம்போ ஒன்று மாட்டு வண்டியில் மோதியிருந்தது. சாலை, புளிய மரம், டெம்போ எல்லாம் போட்டுவிட்டு, இரண்டு மாடுகளையும் கொம்போடு வரைந்து கொடுத்தேன். அப்போதைய எஸ்.ஐ. நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"மாடு நல்லாத்தாம்மா கீது. ஆனா கோர்ட்டு போய்ப் பார்க்குறதுக்குள்ள மாடு எழுந்து போயிடும். நவுராததை மட்டும் போடு."

நகராததை மட்டும் போடு. அந்தப் பாடத்தை இருபது வருடம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கலைத்தவர் இளமதி மேடம்.

நான் ஏட்டாக இருந்தபோது அவர் டி.எஸ்.பி.யாக வந்தார். அவருக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு நாற்பத்தாறு. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நேரடியாகத் தேர்வெழுதி வந்தவர். சாதியின் பேரால் நடக்கும் வன்கொடுமை வழக்குகளை டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மாதிரி வழக்கு வந்தால் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்.

அவருடைய நடைமுறை எங்களுக்குப் பெரிய பேஜார். ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வைப்பார். குற்றம் எந்த நேரத்தில் நடந்ததோ அதே நேரத்தில் போவார். ஊருக்குள் பெரிய மனிதர் வீட்டில் நாற்காலி போட்டு, டவல் விரித்து வைத்திருப்பார்கள். "வர்றேன்யா" என்று சிரித்தபடியே அதைக் கடந்து போய், பாதிக்கப்பட்டவர் வீட்டில்தான் முதல் தண்ணீர் குடிப்பார்.

"நாம முதல் தண்ணி எங்க குடிக்கிறோம்னு ஊரே பார்க்கும், வசந்தாம்மா. சாட்சி சொல்றவன் அதைப் பார்த்துட்டுத்தான் வாயத் திறப்பான்."

இன்னொரு பழக்கம், 'ஏன்' என்று யாரையும் கேட்க மாட்டார். "ஏன்னு கேட்டா கதை சொல்வாங்க. எங்கன்னு கேட்டா கை காட்டுவாங்க" என்பார்.

இனி அந்த வழக்கு.

ஆரணியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கிராமம். அங்கே காலனியில் மகேஸ்வரி என்ற பெண், வயது இருபத்து நான்கு. அப்பா அம்மா கூலி வேலை. இவள் டிப்ளமோ படித்துவிட்டு, செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊர்த்தெரு வழியாக வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். நடந்து அலுத்துப்போய் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். நீல நிறம்.

மூன்று முறை அவளை ஊர்த்தெருவில் நிறுத்தினார்கள். "எறங்கித் தள்ளிக்கினு போ. இந்தத் தெரு தாண்டினதும் ஏறிக்கோ." சொன்னவன் பாஸ்கர், முப்பது வயது. அதே ஷூ கம்பெனியில் ஒரு மாதம் வேலை பார்த்து, சரிப்படவில்லை என்று அனுப்பப்பட்டவன். மகேஸ்வரி இறங்கவில்லை. நாலாவது முறை, மாலை ஆறு மணிக்கு, கோயில் திருப்பத்தில் அவள் வண்டியை மெதுவாக்கியபோது ஒரு சவுக்குக் கழி குறுக்கே வந்தது. விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. விழுந்தவளைப் பார்த்து அவன் சொன்ன சொற்களை நான் அவள் வாக்குமூலத்தில் எழுதினேன். இங்கே எழுத மாட்டேன்.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு இளமதி மேடமும் நானும் மெயின் ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தோம். ஊர்த்தெருவில் ரேஷன் கடை, பால் சொசைட்டி, டீக்கடை, தண்ணீர்த் தொட்டி, தபால் பெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே போனேன். காலனிக்குப் போய் மகேஸ்வரி வீட்டில் தண்ணீர் குடித்தோம். தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கோபமாக இருந்தாள்.

"வண்டிக்கு இன்னாச்சுன்னு யாரும் பார்க்கல மேடம். கண்ணாடி ரெண்டும் போச்சு" என்றாள்.

"வண்டி சாட்சிப் பொருள்மா. பத்திரமா இருக்கு" என்றார் மேடம்.

"அத எப்ப தருவீங்க? நான் வேலைக்குப் போவணும்."

திரும்பி வந்து டீக்கடை முன்னால் நின்றோம். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், ரொம்ப மரியாதை.

"நான் பால் காச்சிக்கினு இருந்தேங்க. ஒண்ணும் பார்க்கல."

மேடம் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். நேராக எதிரே பார்த்தார். முப்பதடி தூரத்தில் கோயில் திருப்பம்.

"அண்ணே, பால் காய்ச்சும்போது கண்ணை மூடிக்குவீங்களா?"

அவர் கரண்டியை வாங்கிக்கொண்டு, "இந்தத் தெருவுலதாங்க நான் கடை நடத்தணும்" என்றார். பாலைக் கலக்கத் தொடங்கினார்.

மேடம் என்னிடம், "வசந்தாம்மா, இந்த பெஞ்ச்ல நாலு பேர் உட்காரலாம். எந்தப் பக்கம் முகம் வச்சு உட்காருவாங்களோ, அதையும் போடுங்க" என்றார்.

"ஆளுங்க நவுர்ந்துடுவாங்களே மேடம்? நவுராததைத்தான் போடணும்னு..."

"தினம் ஆறு மணிக்கு அதே எடத்துல உட்காருறவன் எங்க நகர்ந்தான்? போடுங்க."

போட்டேன். பெஞ்ச், பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது, பாஸ்கரும் அவன் நண்பர்களும் உட்கார்ந்திருந்த கோயில் சுவர், கழி கிடந்த இடம். அதோடு விடவில்லை. மெயின் ரோட்டில் தொடங்கிக் காலனி முடியும் வரை முழுதையும் வரையச் சொன்னார். சம்பவம் நடந்தது பத்தடி இடத்தில். நான் வரைந்தது இரண்டு கிலோமீட்டர். தாள் போதாமல் இரண்டு தாளை ஒட்டினேன்.

அடுத்த நாள் என்னை ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குக் கூட்டிப் போனார். அங்கே எந்த வழக்கும் இல்லை. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அதே சனங்கள், இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு, ஒரே திருவிழா. ஆனால் அங்கிருந்து இந்த மாதிரி ஒரு புகார் ஸ்டேஷனுக்கு வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. நடந்து பார்த்தோம். அங்கே பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் மூன்றும் ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பொது ரோட்டில். ஊர்க்காரர்கள் மாவு அரைக்கக் காலனி மில்லுக்கு வருகிறார்கள். வரிசையில் நின்று சண்டை போடுகிறார்கள். ஆனால் அது மாவுச் சண்டை.

இந்தப் பக்கமோ, காலனிக்காரர்கள் உப்பு வாங்கவும் பால் ஊற்றவும் பஸ் ஏறவும் ஊர்த்தெருவுக்குள் போயே ஆக வேண்டும். ஊர்க்காரர்களுக்குக் காலனிக்குப் போக ஒரு வேலையும் கிடையாது. பாஸ்கர் பிறந்ததிலிருந்து ஒரு முறைகூடக் காலனிக்குள் போனதில்லை என்று அவன் அம்மாவே பெருமையாகச் சொன்னார்கள்.

"அப்ப தப்பு தெருவோடதா மேடம்?" என்று கேட்டேன்.

"தெரு கழியத் தூக்கல வசந்தாம்மா. பாஸ்கர்தான் தூக்கினான். அதே தெருவுல பொறந்த எத்தனையோ பேர் சும்மாத்தானே இருந்தாங்க? ஆனா தூக்கினா யாரும் கேட்க மாட்டாங்கன்னு அவனுக்கு நம்பிக்கை குடுத்தது அந்தத் தெரு."

நான் விடவில்லை. ஆரணியிலேயே பவர்லூம் இருக்கும் ஒரு தெருவில், எல்லா விதமான சனமும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிற இடத்தில், ஒரு வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றிய வழக்கு எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். மேடம் யோசித்தார்.

"பக்கத்துல பக்கத்துல இருந்தா மட்டும் போதாது போல. ஒருத்தருக்கு இன்னொருத்தர்கிட்ட ஏதாவது வேலை இருக்கணும்" என்றார். பிறகு, "எனக்கும் முழுசாத் தெரியல" என்றும் சொன்னார். ஓர் அதிகாரி எனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் என் சர்வீசில் அதிக முறை கேட்டதில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கத்தில்தான் எங்களுக்குச் சாட்சியும் கிடைத்தது. பால் வண்டி ஓட்டும் சேகர். தினமும் மாலை ஆறு மணிக்கு இந்தப் பக்கத்து சொசைட்டியில் கேன் ஏற்ற வருபவர். பாஸ்கருக்குத் தூரத்து உறவுகூட.

"பார்த்தேங்க" என்றார், கேனைக் கழுவிக்கொண்டே. "அவன் சொவுத்து மேலேர்ந்து எறங்கினான், கழிய எடுத்தான், நீட்டினான். அந்தப் பொண்ணு உழுந்துது. நான்தான் தூக்கி ஒக்கார வெச்சேன்."

"கோர்ட்ல சொல்வீங்களா?"

"சொல்றேன். மாமன் மச்சான்லாம் திட்டுவாங்க. திட்டிகினு போறாங்க. நான் இங்கதான குடியிருக்கறேன்."

டீக்கடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சேகர் ரொம்பப் பெரிய வீரர் என்றும் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு அந்தத் தெருவில் கடை இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

வழக்கு மூன்று வருடம் கழித்துச் சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அதற்குள் இளமதி மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். சாட்சி சொல்ல மட்டும் வந்து போனார். ஸ்கெட்ச் போட்டது நான் என்பதால் என் பெயரும் சாட்சிப் பட்டியலில் இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் பழுத்த ஆள். சேகருக்கும் பாஸ்கருக்கும் ஏதோ நிலத்தகராறு என்று கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார். அது ஓடவில்லை. முன்பு மூன்று முறை நிறுத்தியதற்கும், விழுந்தபின் அவன் சொன்ன சொற்களுக்கும் மகேஸ்வரியைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதனால் வக்கீல் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். கழி தவறி விழுந்தது என்பது ஒன்று. அப்படியே நீட்டியிருந்தாலும், வந்தவர் ஹெல்மெட் போட்டிருந்தார், கண்ணாடி இறக்கியிருந்தார், இருட்டத் தொடங்கிய நேரம். யார், ஆணா பெண்ணா என்றே தெரியாதபோது சாதி பார்த்து எப்படித் தாக்க முடியும்? வேகமாகப் போகிறவர் மேல் வந்த கோபம், சாதாரண வழக்கு, அவ்வளவுதான் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மகேஸ்வரி பின் வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூண்டில் நான் ஏறியதும் அந்த வக்கீல் ஸ்கெட்சைத் தூக்கிக் காட்டினார்.

"இது அளவுப்படி போட்டதா?"

"இல்லீங்க ஐயா. மாதிரி வரைபடம்."

"பத்தடி எடத்துல நடந்த சம்பவத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் வரைஞ்சிருக்கீங்க. வேற வேலை இல்லையா?"

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. "வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன்" என்றேன்.

அவர் உட்கார்ந்ததும் அரசு வக்கீல் எழுந்தார். அமைதியான அம்மா. அதே தாளைத்தான் அவரும் எடுத்தார்.

"இந்த ஊர்த்தெரு எங்க போய் முடியுது?"

"காலனியிலீங்க."

"அதுக்கு மேல?"

"ஏரிக்கரைங்க. ரோடு இல்ல."

"வேற ஊருக்குப் போறவங்க இந்தத் திருப்பம் வழியா வர முடியுமா?"

"வர முடியாதுங்க. ஊர்க்காரங்க வீடெல்லாம் திருப்பத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. அதைத் தாண்டிப் போறவங்க காலனிக்குத்தான் போகணும்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். ஸ்கெட்சைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் விரித்தார். ஒட்டிய இரண்டாவது தாள் மடிந்துகொண்டது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து காலனி வரை மெதுவாகப் பார்த்தார்.

"காலனிக்குப் போக வேற வழியே கிடையாதாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் திருப்பத்துல வண்டியில திரும்புறவங்க..." என்று தொடங்கி, அவரே நிறுத்திக்கொண்டார். எழுதத் தொடங்கினார்.

ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை என்பது உண்மைதான். அவனுக்கு முகம் தேவைப்படவில்லை. பாதையே போதுமாக இருந்தது. எனக்கே அது அந்தக் கூண்டில் நின்றபோதுதான் முழுதாக உறைத்தது. இரண்டு கிலோமீட்டர் வரையச் சொன்னவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

பாஸ்கருக்கு வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் தண்டனை கிடைத்தது. கூட இருந்த இருவரும் விடுதலையானார்கள். அவர்கள் சிரித்தார்கள் என்று மகேஸ்வரி வந்து சொன்னாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ரேஷன் கடையையும் பஸ் நிறுத்தத்தையும் நடுவே மாற்ற வேண்டும் என்று இளமதி மேடம் போவதற்கு முன் ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். அதற்குப் பதிலே வரவில்லை. ஆனால் ஒரு மழையில் ரேஷன் கடைக் கூரை உட்கார்ந்துவிட்டது. புதுக் கட்டடத்துக்கு அரசு புறம்போக்கு வேறெங்கும் இல்லாததால், ஊருக்கும் காலனிக்கும் நடுவே கட்டினார்கள். அறிக்கை செய்யாததை ஓட்டைக் கூரை செய்தது. இப்போது இரு பக்கத்தாரும் ஒரே வரிசையில் நின்று எடை குறைவென்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள் என்று கேள்வி.

எஸ்.ஐ. பெண்ணிடம் இதுவரைதான் சொன்னேன். மீதியைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

போன வருடம் மகேஸ்வரி போன் செய்தாள். ஆரணியிலேயே ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்திருந்தது.

"வீடு பார்த்துகினு கீறேன் மேடம். நாலு தெரு சுத்திட்டேன். வீடு வாடகைக்குன்னு போர்டு தொங்குது. எந்த ஊரு, ஊருல எந்தப் பக்கம்னு கேக்குறாங்க. சொன்னதும், 'ஐயோ, நேத்துதாம்மா வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்'ன்றாங்க. உங்க தெருவுல ஏதாவது இருக்குதா?"

எங்கள் தெருவில் இருந்தது. எங்கள் வீட்டு மாடியே ஆறு மாதமாகக் காலி. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"பார்த்து சொல்றேன்மா."

போனை வைத்ததும் என் கணவர் கேட்டார். அவர் நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர், பேச்சு சிக்கனம்.

"யாரு?"

சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

"பார்த்து சொல்றேன்னு சொன்னேன்."

"இன்னா பார்க்கணும்?"

எதிர் வீட்டு அம்மா என்ன சொல்வார்கள், மூன்றாம் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியோடு நின்ற டீக்கடைக்காரருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெட்கமாக இருந்தது. போனை எடுத்து, "மாடி கீது, நாளைக்கே வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வந்தது. எதிர் வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்கள். மகேஸ்வரி ஊர்ப் பெயரைச் சொன்னாள். அடுத்த கேள்விக்குக் காத்திராமல், "காலனி" என்றும் சொன்னாள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் எங்களோடு பேச்சு நின்றது. நவராத்திரிக்கு அழைப்பு வரவில்லை. மகேஸ்வரி அதை எல்லாம் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அதே நீல ஸ்கூட்டர், புதுக் கண்ணாடி.

எதிர் வீட்டு மருமகளுக்கும் அதே ஆடைக் கம்பெனியில்தான் வேலை. இரண்டு மாதம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். காலையில் மருமகள் நடந்து போவாள். தெருமுனை திரும்பியதும் மகேஸ்வரி வண்டியை நிறுத்த, பின்னால் ஏறிக்கொள்வாள். மாலையில் முனையிலேயே இறங்கி நடந்து வருவாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

போன வாரம் பெரிய மழை. ஸ்கூட்டர் முனையில் நிற்கவில்லை. இரண்டு பேரையும் சுமந்துகொண்டு நேராக எதிர் வீட்டு வாசலில் வந்து நின்றது. கதவு திறந்தது. அந்த அம்மா இருவரையும் பார்த்தார்கள்.

"நனைஞ்சிக்கினு நிக்காதீங்க. உள்ள வாங்க" என்றார்கள்.

மருமகளை அவர்கள் 'வா' என்றல்லாமல் 'வாங்க' என்று கூப்பிட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.